கலிலேயாவின் இரு சிற்றூர்கள்

கலிலேயா என்ற பெயரை விவிலியம் படித்தோர் மட்டுமன்றி ஏனையோரும் செவிவழியாகவேனும் அறிவர். ஏசுநாதர் நடமாடிய நிலம் என்று அது உலகெங்கும் போற்றப்படுகிறது. அந்நிலத்தின் வடகோடியில், லெபனான் எல்லையை ஒட்டிய மலைச்சரிவில், இக்ரித், பிர்இம் என்று இரண்டு சிற்றூர்கள் இருந்தன. இக்ரித்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மெல்கைட்டுகள் எனப்படும் கிரேக்கக் கத்தோலிக்கர்; பிர்இம் மக்கள் மாரோனைட்டுகள். இரு சாராரும் அரபு மொழி பேசுவோர். கீழை நாட்டு வழிபாட்டு முறையைக் கைவிடாமல் ரோமாபுரித் திருச்சபையோடு ஒன்றியிருப்போர். கேரளத்தில் வாழும் நேயர்கள் அங்குள்ள சீரோ மலபார் சபையினரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

1947 நவம்பரில் பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிப்பதென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. இந்தியா அத்தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. தொடர்ந்து மூண்ட போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடு வாசல் இழந்தனர். நானூறுக்கு மேற்பட்ட ஊர்கள் வெறிச்சோடின. அவ்வூர்களுள் நம் இரு சிற்றூர்களும் அடங்கும். ஆயினும் இவற்றின் கதையில் ஒரு தனித்தன்மை உண்டு. இவ்வூர் மக்களுட் பெரும்பாலோர் எல்லை கடந்து செல்லவில்லை. புதிய இஸ்ரேல் நாட்டின் எல்லைக்குள்ளேயே இருந்தனர். அந்நாட்டின் குடிமக்களாகவும் ஆயினர்.

1948 அக்டோபர் இறுதியில் இஸ்ரேலியப் படை இக்ரித்துக்குள் நுழைந்தபோது அங்கே எதிர்ப்பு எழவில்லை. நவம்பர் மாதத்தில் ஊரார் தற்காலிகமாக வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். எல்லையில் பாதுகாப்பு நிலைமை சீராகும்வரை இரண்டு வாரம் விலகியிருந்தால் போதும், பிறகு திரும்பலாம் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கு. இரண்டு வாரத்துக்கு எவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதில்லை அல்லவா? வேண்டிய துணிமணிகளோடு தெற்கேயுள்ள ராமே என்னும் ஊருக்குச் சென்றனர். பிர்இம் மக்களுக்கும் அதே மாதத்தில் அதே கதி நேர்ந்தது. அவர்களுட் பலர் அருகிலிருந்த ஜிஷ் என்னும் ஊரில் தங்கினர்.

வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் ஆண்டுகளாயின. இக்ரித் மக்கள் அப்போது செய்த காரியம் நம் கவனத்துக்குரியது. அவர்கள் நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 1951 ஜூலை 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது: அவர்கள் தம் ஊருக்குத் திரும்பச் சட்டப்படி தடை ஏதுமில்லை. தீர்ப்பின் மை உலர்ந்து சில வாரங்களே ஆகியிருக்க, இராணுவ நிர்வாகம் நெருக்கடிக்கால விதிகளின் கீழ் முறையான வெளியேற்ற ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஆட்கள் இல்லாத ஊருக்கு வெளியேற்ற ஆணை! முன்பு ஆணை இல்லாததால்தானே தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. அந்தக் குறை இப்போது நிவர்த்தி செய்யப்பட்டுவிட்டது. ஊரார் மனம் தளராமல் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு விசாரணைக்கு வருமுன், 1951 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்கு முந்தின நாள், இக்ரித்தின் வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கோயிலும் கல்லறைத் தோட்டமும் மட்டும் எஞ்சின. நாளை அறிந்தே தேர்ந்தெடுத்தார்களா என்பது ஒருபுறமிருக்க, அந்நாளை அம்மக்களால் மறக்க இயலாமற் போயிற்று.

பிர்இம் 1953 செப்டம்பர் 16ஆம் நாள் விமானக் குண்டுகளால் அழிக்கப்பட்டது. ஜிஷ் ஊரருகே ஒரு குன்று உண்டு. அங்கே நின்று தம் வீடுகள் இடிவதை ஊரார் பார்த்தனர். அக்குன்றுக்கு அழுகைக் குன்று என்ற பெயரும் வழங்கலாயிற்று. பிழைப்புக்காக ஊரைவிட்டு நெடுந்தூரம் வந்துள்ள நமக்குப் பொங்கலுக்கு இரயிலில் இடம் கிடைக்குமா என்பதே பெருங்கவலை. பிர்இம் மக்களுக்கோ தூரம் ஒரு பொருட்டே இல்லை. நடந்து போகக்கூடிய தொலைவில், கண்ணெதிரே, அவர்களது ஊர் கிடந்தது. போகத்தான் முடியவில்லை.

அவ்வாண்டே இயற்றப்பட்ட நிலக் கையகப்படுத்தும் சட்டம் விளைநிலங்களையும் அரசுடைமை ஆக்கிற்று. அந்நிலங்களில் யூதக் குடியேற்றங்கள் எழுந்தன. பிர்இம் ஊரின் இடிபாடுகள் பிற்காலத்தில் ஒரு தேசியப் பூங்காவுக்குள் அடங்கின. அங்குள்ள பழைய யூதத் தொழுகைக்கூடத்தைக் காணப் பயணிகள் வருகின்றனர். அதனருகே மாரோனைட்டுக் கோயில் இன்றும் நிற்கிறது.

இந்நிலையில் சமயத் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று நாம் வினவுவது இயல்பே. தொடக்க ஆண்டுகளில் கலிலேயாவின் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயராக இருந்தவர் ஜார்ஜ் ஹக்கீம். அதிகாரிகளோடு நேரிற் பேசிக் காரியம் முடிக்க முயல்வது அவர் வழி. அரபு மக்கள் இராணுவ நிர்வாகத்தின் கீழ், அனுமதிச் சீட்டின்றி ஊர்விட்டு ஊர் போக முடியாதிருந்த காலம் அது. ஆகவே அவ்வழியை நாம் எளிதில் குறைகூறிவிட முடியாது. ஆனால் இக்ரித்துக்கும் பிர்இமுக்கும் அதனால் வழி பிறக்கவில்லை. அந்த இராணுவ நிர்வாகம் 1966 இறுதியில் நீங்கியது. மறு ஆண்டு ஹக்கீம் தம் சபையின் மறைமுதுவராக உயர்ந்தார்.

1968இல் அவரிடத்துக்கு வந்தவர் ஜோசப் ராயா. லெபனானில் பிறந்த இவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் பல ஆண்டு பங்குக் குருவாகப் பணிபுரிந்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் சென்றவர். அதற்காக வெள்ளை வெறியர்களிடம் அடிபட்டவர். காந்தியடிகளின் அறவழியைக் கிங் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டது நாமறிந்ததே. அவ்வழி அமெரிக்காவைச் சுற்றி, ஒரு குருவின் வாயிலாகக் கலிலேயாவையும் எட்டிற்று என்றால் மிகையாகாது.

1972 ஜூலையில் கோல்டா மேயரின் அமைச்சரவை இரு ஊராரின் கோரிக்கையை மீண்டும் நிராகரித்தது. பிர்இம் மக்கள் இடிந்த ஊருக்குள் சென்று செப்பனிடத் தொடங்கினர். காவலர் அவர்களை அகற்றினர். ராயா மறைமாநிலக் கோயில்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடச் செய்தார். நீதி இறந்தமைக்குத் துக்கம் காப்பதாக அறிவித்தார். ஞாயிறன்று கோயிற் கதவு அடைபட்டிருப்பது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எத்தகைய அதிர்ச்சி என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆகஸ்டு 23ஆம் நாள் எருசலேமில் ஊர்வலம் ஒன்று பிரதமர் அலுவலகம் நோக்கிச் சென்றது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட அவ்வூர்வலத்தில் அரபு மக்களோடு யூதர்களும் நடந்தனர். யூத அறிஞர்களும் எழுத்தாளர்களும் இக்கோரிக்கையை வெளிப்படையாக ஆதரித்தனர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்த வழக்கை ஒரு சமயத்தாருக்கும் மற்றொரு சமயத்தாருக்கும் இடையே நேர்ந்த பூசலாகக் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அரசு இசையாததற்குக் கூறிய காரணங்களுட் பாதுகாப்பு ஒன்று. அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது மற்றொன்று: இது ஒரு முன்மாதிரி ஆகிவிடும் என்ற அச்சம். இவ்விரு ஊராரைத் திரும்ப விட்டால், ஊரிழந்த ஏனையோரும் அதையே கேட்பார்களாம். இக்ரித் மக்கள் தங்களுடையது தனிப்பட்ட வழக்கு என்றே வாதாடி வந்தனர். நாங்கள் போரிடவில்லை, எங்களுக்கு வாக்குத் தரப்பட்டது, நீதிமன்றம் எங்கள் பக்கம் நின்றது என்றனர். அரசோ, உங்கள் வழக்கு தனிப்பட்டதன்று என்றது. அப்படியானால் ஏனையோர் வழக்கிலும் நியாயம் இருக்கிறது என்றுதானே பொருள்? மறுப்புரைக்குள்ளேயே ஒப்புதல் ஒன்று ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ராயா 1974இல் பதவி விலகினார். பிர்இமில் 1939இல் பிறந்து, சிறுவயதில் வெளியேற்றப்பட்ட எலியாஸ் சக்கூர் என்பவர் குருவாகி, இபிலின் என்னும் ஊரில் பள்ளி நிறுவி, தம் ஊரின் கதையை நூலாக எழுதி உலகறியச் செய்தார். 2006இல் அவரே கலிலேயாவின் பேராயரானார். இதற்கிடையில் ராபின் அரசு அமைத்த குழு, நீதியமைச்சர் டேவிட் லிபாய் தலைமையில் ஆய்ந்து, குறைந்த அளவு நிலத்திலேனும் மக்கள் திரும்பலாம் எனப் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் இக்ரித் மக்களின் மனுவைத் தள்ளியது. அவ்வழக்கில் அரசுத் தரப்பு முன்வைத்த வாதத்திலும் முன்மாதிரி என்ற அதே சொல் இருந்தது.

ஒன்று மட்டும் 1970களில் விட்டுக்கொடுக்கப்பட்டது. இறந்தோரை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய இக்ரித் மக்கள் அனுமதி பெற்றனர். கோயிலிலும் திருப்பலி நடைபெறலாயிற்று. ராமேயிலும் ஹைஃபாவிலும் வாழ்ந்து மூத்தவர்கள் இறந்தபின் பெட்டியில் ஊர் திரும்பினர். 2012 ஆகஸ்டில் அவர்களுடைய பேரன் பேத்திமாருள் சிலர் கோயிலையொட்டிப் படுக்கை விரித்து, உயிரோடு அங்கே தங்கத் தொடங்கினர். அவர்கள் நட்ட செடிகளையும் எழுப்பிய சிறு கொட்டகைகளையும் அதிகாரிகள் வந்து அகற்றினர். இளைஞர்கள் முறைவைத்துக்கொண்டு மறுபடியும் வந்தனர்.