ஏழைக்கு எதற்குத் தத்துவம்?

“ஏழைக்குக் கைத்தொழில் போதும், தத்துவம் எதற்கு?” என்று கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. உழைப்பவன் உழைக்கட்டும், சிந்திக்க நாமிருக்கிறோம் என்பதே அக்கேள்வியின் உட்பொருள்!

1995-இல் நியூயார்க் நகரம் இதற்கு விடையளித்தது. வறுமையின் வேரைத் தேடிய எழுத்தாளர் எர்ல் ஷாரிஸ், பெட்ஃபோர்டு ஹில்ஸ் சிறைக்குச் சென்றார். ஆங்கிருந்த பெண்மணியொருவர், நாடகம், அருங்காட்சியகம், இசையரங்கு ஆகியவை தரும் உள்ளத்து வாழ்வே ஏழைக்கு மறுக்கப்பட்டது என்றார். ஷாரிஸ் வாளாவிருக்கவில்லை, ராபர்ட்டோ கிளமென்ட்டி பெயர் தாங்கிய நிலையத்தில் வகுப்புத் தொடங்கினார்.

கட்டணம் இல்லை, நூல்கள் இலவசம், பயணச் செலவும் தரப்பட்டது. அறவியல், கவிதை, ஓவியம், வரலாறு, அளவையியல் ஆகியவை பாடங்கள். சுமார் 30 பேர் சேர்ந்தனர். வேலையின்மையும் நோயும் துரத்தியபோதும் பாதிக்கு மேற்பட்டோர் கற்று முடித்தனர். பார்டு கல்லூரி துணை நின்றது. பின்னர்ப் பல நகரங்களில் அவ்வகுப்பு கிளைத்தது.

பயன் யாது? வேலையிடத்தில் சினமூட்டப்பட்ட மாணவர் ஒருவர், ஓங்கவிருந்த கையை அடக்கி, “சாக்ரடீஸ் என்ன செய்திருப்பார்?” எனத் தம்மையே கேட்டுக்கொண்டாராம்!

‘ஏன்?’ என்று கேட்டதற்காக ஏதென்ஸ் நஞ்சூட்டிய கிழவர், இருபத்து நான்கு நூற்றாண்டு கடந்து ஏழையின் நெஞ்சில் எழுந்தார். சோறு உயிரைக் காக்கும். சிந்தனையோ, அச்சோறு பறிபோகும்போது ‘ஏன்?’ என்று கேட்கச் செய்யும். ஆதிக்கம் அஞ்சுவது அதற்கே!