முப்பதாயிரம் ‘வேண்டாம்’

பில் போட முதல் ‘போன் நம்பர் சொல்லுங்கோ’ எண்டு கேட்பினம். பின்னுக்கு வரிசை நிக்குதே எண்டு நாங்களும் சொல்லிப்போட்டு வந்திடுவம். பிறகு புத்தாண்டு விலைக்கழிவு மெசேஜ் வரேக்கதான், அந்த நம்பர் எங்கெங்கே போனது என்ற யோசனை வரும். இதே கேள்வியை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் ஒரேயடியாகக் கேட்ட ஒரு கதை இருக்கிறது.

1990 ஏப்ரலில் லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனம், ஈக்விஃபாக்ஸுடன் சேர்ந்து ஒரு புதிய பொருளை அறிவித்தது. யார் கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிவு வைத்திருப்பதே ஈக்விஃபாக்ஸின் தொழில். சுமார் 12 கோடி அமெரிக்கர்களின் பெயர், முகவரி, உத்தேச வருமானம், வாங்கும் பழக்கம் எல்லாவற்றையும் சீடியில் விற்பதுதான் திட்டம். இப்படியான பட்டியல்கள் பெரிய கம்பனிகளிடம் ஏற்கெனவே இருந்தன. இனி ஒரு சின்னக் கடைக்காரரும் தன் மேசையில் அதை வைத்திருக்கலாம் என்பதுதான் புதிது.

தனியார் கம்பனிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் பொதுவான தனியுரிமைச் சட்டம் அங்கே இருக்கவில்லை. ‘விருப்பமில்லாதவர்கள் அறிவித்தால் பெயரை நீக்குவோம்’ என்றது நிறுவனம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே விற்ற சீடியிலிருந்து ஒருவரின் பெயரை எப்படி நீக்குவது? அதுக்குப் பதில் இல்லை.

அப்போது இணையம் பொதுமக்களின் கைக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் மின்னஞ்சல் வழியாகச் செய்தி பரவியது. சுமார் 30,000 பேர் ‘என் பெயரை எடுங்கள்’ என்று கேட்டார்கள். 1991 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. சீடி கடைக்கு வரவேயில்லை.

ஐரோப்பா வேறு வழியால் வந்தது. ஜேர்மனியின் ஹெசன் மாநிலம் 1970இலேயே தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. நேரடி விளம்பரத்துக்குத் தன் தரவைப் பயன்படுத்துவதை ஒருவர் மறுக்கலாம் என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1995ஆம் ஆண்டுப் பணிப்புரை உரிமையாக்கியது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளம்பரச் செய்தி அனுப்ப முதல் சம்மதம் வேண்டும், நிறுத்தும் வழியைச் செலவில்லாமல் தரவேண்டும், ஒவ்வொரு செய்தியிலும் அதைச் சொல்லவேண்டும் என்கிறது அது. எல்லாப் பகுதிகளும் ஒரேநாளில் அமுலுக்கு வராமல், படிப்படியாக வரும்படிதான் எழுதப்பட்டது.

இது பெரிய கம்பனிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. எங்களில் எத்தனை பேர் வீட்டிலிருந்தே கேக், உடுப்பு விற்கிறம்! ஓடர் அனுப்பத் தந்த நம்பரை அடுத்த விளம்பரத்துக்கும் எடுக்கிறம். தந்தவர் ஒன்றுக்குத்தான் தந்தார், மற்றதுக்கு இல்லை. கேட்டுப்போட்டு அனுப்பினால் ஒன்றும் குறையாது.

அடுத்தமுறை கடையில் நம்பர் கேட்டால், ‘பில்லுக்கா, விளம்பரத்துக்கா?’ எண்டு கேட்டுப் பாருங்கோ. வரிசை கொஞ்சம் பொறுக்கட்டும்.