கொல்லைப்பக்கம் வீட்டுக்குள்ளா, வெளியிலா?

அம்பத்தூரில் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. சிமெண்ட் ஷீட் கூரை, இரும்பு ஷட்டர், உள்ளே ஒரு லேத். 1960களில் தொழிற்பேட்டை வந்தபிறகு அதை நம்பி ஜாப் ஒர்க் எடுத்த எத்தனையோ வீடுகளில் இதுவும் ஒன்று. இப்போது டிராயிங் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஹாலில் இருக்கும் வைஃபை பட்டறை வரை எட்டாது.

"படம் சுத்திக்கிட்டே நிக்குதுடா. அளவு மாத்தி அனுப்பினதப் பாக்காம போன வாரம் இருபது பீஸ் வீணாப்போச்சு" என்றார்.

நடுவில் இருப்பது ஐம்பதடி முற்றம்தான். ஆனால் அந்த ஐம்பதடிக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு.

1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், தந்தி நடத்தும் உரிமையை அரசிடமே வைத்தது. 1933ல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், கருவியைக் கையில் வைத்திருக்கவே லைசென்ஸ் கேட்டது. வீட்டு ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் பணம் கட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கா 1985லேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. வைஃபைக்கான முதல் தரநிலை 1997ல் வந்தது.

நம் நாட்டில் திருப்பம் 2005 ஜனவரியில். 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு வீட்டுக்குள்ளும் வெளியிலும் லைசென்ஸ் தேவையில்லை என்றானது. ஆன்டெனா மட்டும் கூரைக்கு மேல் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை வைஃபை வழியே இணைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு அப்போது விதி வேறாக இருந்தது. அதைக் கட்டடத்துக்குள் மட்டுமே, 200 மில்லிவாட்டுக்குள் பயன்படுத்தலாம் என்றிருந்தது. ஆனால் 'உள்ளே' என்பதற்குத் தந்த விளக்கம்தான் எனக்குப் பிடித்தது: ஒரு தனிநபரின் தொடர்ச்சியான ஒரே வளாகமும் 'உள்ளே'தான். அதாவது பெரியப்பாவின் முற்றம் அந்த விதிப்படி வீட்டுக்குள். பட்டறை எதிர்த்தெருவில் இருந்திருந்தால் வெளியே. வெளியிலும் இந்த அலைவரிசைகள் பரவலாகத் திறக்கப்பட்டது 2018 அக்டோபரில்தான். மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ்.

ஆக, சட்டம் வழிவிட்டுவிட்டது. மிச்சம் இருப்பது சுவர். சிமெண்ட் ஷீட்டை அலை ஓரளவு கடந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட்டும் இரும்பு ஷட்டரும்தான் தடை. 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் மங்கும். நடுவில் ரிப்பீட்டர் வைத்தால், சாதாரண வகையில் ஒரே ரேடியோ வாங்கவும் அனுப்பவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். ஈதர்நெட் கேபிளோ 100 மீட்டர் வரை தாங்கும். பி.வி.சி. பைப்புக்குள் கேபிளை விட்டு, பட்டறையில் ஒரு பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றி வைத்தேன்.

டிராயிங் உடனே திறந்தது. பெரியப்பா பைப்பைப் பார்த்தார்.

"வயர்லெஸ்னு அவ்வளவு கதை சொல்லிட்டு, கடைசில வயர்தானேடா இழுத்தே?"