லண்டன் சான்றிதழிலிருந்து பிளஸ் டூ வரை: இந்தியாவில் ஆக்சுவரி கல்வித் தகுதியின் வரலாறு

கொருக்குப்பேட்டை சரக்கு யார்டைத் தாண்டி வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர் என்று ஆலைகள் தொடரும். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்குப்படி, அங்கே ஓய்வுபெறும் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. மாதத்துக்கு 26 நாள் என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய், சேவை 20 ஆண்டு என்றால் 3 லட்சம். இதை ஆலைக் கணக்கரே போட்டுவிடுவார். இன்று 35 வயதில் இருப்பவருக்காக இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்குவது என்பதுதான் சிக்கல். அவர் நடுவில் வேலையை விடலாம், இறக்கலாம், சம்பளம் உயரலாம், வட்டி குறையலாம். இத்தனையையும் நிகழ்தகவாக்கி ஒரே தொகையாகச் சொல்ல ஆக்சுவரி வேண்டும். கணக்கியல் தரம் 15-இன்கீழ் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அவரிடம் மதிப்பீடு வாங்குவது வழக்கம். அந்தக் கையெழுத்துக்கு உரியவரை யார் உருவாக்குவது என்ற கேள்வி இந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டு நீண்டது.

சென்னை மாகாணத்தில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் 1829-இல் மெட்ராஸ் ஈக்விட்டபிளோடு தொடங்கியது. லண்டன் ஆக்சுவரிகள் கழகமே 1848-இல்தான் பிறந்தது, எடின்பரோவின் அமைப்பு 1856-இல். தொழில் முதலில், தேர்வு பின்னர். இந்தியாவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சுதேசி அலையில் 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா தோன்றியது. நாடெங்கும் அதுபோலப் பல நிறுவனங்கள் முளைத்தன. 1912-ஆம் ஆண்டின் இந்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனச் சட்டம் பிரீமிய அட்டவணைக்கும் காலமுறை மதிப்பீட்டுக்கும் ஆக்சுவரியின் சான்றைக் கட்டாயமாக்கியது. சான்று தரும் ஆளை இங்கே உருவாக்க ஓர் ஏற்பாடும் இல்லை. முதலீடு சுதேசி, முகவர் சுதேசி, சான்று மட்டும் சீமை! 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டமும் ஆக்சுவரிக்கு என்ன படிப்பு வேண்டும் என்று தானே சொல்லவில்லை, விதிகளுக்கு விட்டுவிட்டது. நடைமுறையில் அதன் பொருள் லண்டன் அல்லது எடின்பரோ.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே கதையைத்தான் சொல்கிறது. இந்தியர்களின் ஆயுள் அட்டவணைகளை ஜி. எஃப். ஹார்டியும், 1911-க்கு டி. ஜி. ஆக்லண்டும், 1921-க்கு ஹெச். ஜி. டபிள்யூ. மெய்க்கிலும் தயாரித்தார்கள். 1931 கணக்கெடுப்பின் ஆக்சுவரி அறிக்கையில்தான் ஓர் இந்தியரின் பெயர் வருகிறது: எல். எஸ். வைத்தியநாதன். பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 27 ஆண்டுகூட இல்லை என்று அந்த அட்டவணை காட்டியது. 1944 செப்டம்பரில் இந்திய ஆக்சுவரிகள் சங்கம் உருவாக முன்னின்றவரும் அவரே.

ஆனால் அந்தச் சங்கம் தேர்வு நடத்தவில்லை. நாடு விடுதலை பெற்றது. 1956-இல் 245 நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் இணைத்து எல்.ஐ.சி. பிறந்தது, யுனைடெட் இந்தியா தொடங்கிய மவுண்ட் ரோடு கட்டடம் 1959-இல் எல்.ஐ.சி. பெயரில் திறக்கப்பட்டது. அப்போதும் இந்திய மாணவர் எழுதியது லண்டன் தாள்தான். இந்தத் தாமதத்துக்கு அறிவுப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. 1912 முதல் 1913 வரை சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தாவாகக் கணித மேதை ராமானுஜன் இருந்த ஊர் இது. வேலை தருபவர் ஒரே நிறுவனம் என்றான பின், உள்நாட்டுத் தேர்வுக்கான அவசரம் யாருக்கும் இருக்கவில்லை என்பதே என் கணிப்பு. 1989-இல்தான் சங்கம் அசோசியேட் நிலை வரையிலான தேர்வுகளைத் தொடங்கியது, 1991-இல் முழுத் தகுதியான ஃபெல்லோ நிலை வரை சென்றது. காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறந்தபின் வந்த 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டம், சங்கத்தை இந்திய ஆக்சுவரிகள் கழகம் என்ற சட்டபூர்வ அமைப்பாக்கியது.

2012 முதல் நுழைவாயில் ஏ.செட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம் என மூன்று மணி நேரம். எழுத, ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கொண்ட பிளஸ் டூ தேர்ச்சி போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. ஆக்சுவரியல் படிப்பும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் முதுகலையும் அடித்தளத்துக்கு உதவும். ஆனால் பட்டம் யாரையும் ஆக்சுவரி ஆக்காது. கழகத்தின் தாள்களே ஆக்கும். கொருக்குப்பேட்டையிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரிக்குப் போய்க் கணிதம் படிப்பவருக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே தாள்தான். காகிதத்தில் இது மிகத் தாழ்வான வாசற்படி. உள்ளே பல ஆண்டுத் தேர்வுகள், தாளுக்குத் தாள் கட்டணம், கூடவே வேலை அனுபவம். நாடு முழுவதும் ஃபெல்லோக்கள் சில நூறு பேரே இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2019-இல் பாடத்திட்டம் மாறியது. புள்ளியியல் தாளின் ஒரு பகுதியை ‘ஆர்’ மொழியிலும், கூட்டு வட்டி, ஆயுள் நிகழ்தகவுத் தாளின் ஒரு பகுதியை எக்செல்லிலும் கணினியில் செய்ய வேண்டும். மடக்கை அட்டவணையைப் புரட்டித் தேர்வெழுதிய தலைமுறைக்கு இது வேறு தொழிலாகவே தெரியும். என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது ‘சி.பி.3’ என்னும் தகவல்தொடர்புத் தாள். கணக்குத் தெரியாத ஒருவருக்கு முடிவை விளக்கி எழுதும் திறனை அது சோதிக்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே. எண்ணூர் ஆலையில் பணிக்கொடை ஒதுக்கீடு ஏன் குறைந்தது என்று தொழிற்சங்கம் கேட்டால், அந்தப் பதிலைத் தமிழில் சொல்லும் பயிற்சி எந்தத் தாளிலும் இல்லை. இப்போதைக்கு அதைச் செய்பவர் ஆலையின் கணக்கர்.