சொல் துறந்ததும் சொல் காத்ததும்

ஷேக்ஸ்பியரின் பெருமை முதற்கண் அவருடைய கவிதையில் நிலைகொண்டது. அந்நாடகங்கள் வேற்றுமொழிக்குச் சென்று, பின் வெள்ளித்திரைக்கும் ஏறும்பொழுது அக்கவிதை என்னாகும்? இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் இயக்குநர்கள் இவ்வினாவிற்கு இருவேறு விடைகளை அளித்தனர்.

ஒருவர் ஜப்பானியக் கலைஞர் அகிரா குரோசாவா. 'மாக்பெத்' நாடகத்தை 1957இல் 'சிலந்திவலைக் கோட்டை' எனப் பொருள்படும் பெயரில் அவர் படமாக்கினார். ஸ்காட்லாந்து, உள்நாட்டுப் போரில் சிதைந்த பழைய ஜப்பானாக மாறிற்று. மூன்று சூனியக்காரிகளுக்கு ஈடாகக் காட்டிடையே இராட்டை சுழற்றும் முதிய உருவம் ஒன்று தோன்றிற்று. மூலத்தின் செய்யுளைப் பெயர்த்துரைக்க அவர் முயலவேயில்லை. அவ்விடத்தை நிரப்பியது, ஜப்பானின் தொன்மையான 'நோ' நாடக மரபு. தலைவன் மனைவியாக நடித்த இசுசு யமாடாவின் முகம் நோ முகமூடிபோல அசைவற்று விளங்குகிறது. காவலரை மயக்கும் மதுவினை எடுக்க அவள் இருளினுள் மறைந்து, கலத்துடன் மீள்கிறாள். பட்டாடை உரசும் ஒலியே கேட்கிறது. மூலநாடகத்தில் மாக்பெத் பகைவனாகிய மாக்டஃபின் வாளுக்கு இரையாகிறான். குரோசாவாவின் தலைவனோ தன் சொந்தப் படைவீரர் எய்த அம்புமழையில் மடிகிறான்.

மற்றவர் சோவியத் நாட்டின் கிரிகோரி கோசின்ட்செவ். 1954இல் லெனின்கிராடில் 'ஹாம்லெட்' நாடகத்தை மேடையேற்றிய அவர், 1964இல் அதனைத் திரைக்குக் கொணர்ந்தார். இரண்டிற்கும் அவர் கொண்டது கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக்கின் ருஷ்ய மொழிபெயர்ப்பு. தம் கவிதைகளை வெளியிட வழியற்ற ஆண்டுகளில் மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர் பாஸ்டர்நாக். 1958இல் அறிவிக்கப்பெற்ற நோபல் பரிசை அரசின் நெருக்குதலால் மறுக்க நேர்ந்த அவர், 1960இல் மறைந்தார். அவருடைய புதினமாகிய 'டாக்டர் ஷிவாகோ' 1988 வரை அந்நாட்டில் அச்சேறவில்லை. எனினும் அவருடைய ருஷ்யச் சொற்கள் ஹாம்லெட்டின் வாய்மொழியாகத் திரையரங்குகளில் ஒலித்தன.

கோசின்ட்செவ் சொல்லை மட்டும் நம்பியிருந்தாரல்லர். வாழ்வதா மாள்வதா என மயங்கும் புகழ்பெற்ற தனிமொழியை, ஹாம்லெட் கடற்கரைப் பாறைகளிடையே நடக்க, அவன் மனக்குரலாக ஒலிக்கச் செய்தார். துயருடை பூணும் ஒபீலியாவின் உடலை இரும்புக் கச்சு இறுக்குகிறது. டென்மார்க்கே சிறைச்சாலை எனும் ஹாம்லெட்டின் கருத்திற்கு அக்கச்சு ஓர் உரை எனலாம்.

ஒருவர் மூலத்தின் சொல்லைத் துறந்து தம் மண்ணின் ஆட்டமரபை நாடினார். மற்றவர் அச்சொல்லுக்கு ஈடுகொடுக்கவல்ல கவிஞரை நாடினார். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டையும் கைவிட்ட தழுவல்கள் மறக்கப்படுவதில் வியப்பில்லை. கவிதை நின்ற இடத்தில் அதற்கு நிகரான ஒன்று நின்றாக வேண்டும். அந்நிகரைத் தம் மொழியிலும் மரபிலும் தேடிக் காண்பதே தழுவுவோரின் கடன்.