நன்னூல் பாயிரமும் கட்டுரைத் திட்டமும்

கட்டுரை எழுதத் தொடங்கும் முன் அதன் பொருளைப் பகுத்து வரிசைப்படுத்திக் குறித்துக்கொள்வது குறிப்புச் சட்டகம் எனப்படும். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என இதனைத் தமிழகப் பள்ளிகளில் பழக்குவர். இம்முறை ஆங்கிலக் கல்வியோடு மட்டுமே வந்தது என்று மாணவர் பலர் எண்ணுவதுண்டு. கட்டுரை என்னும் இன்றைய உரைநடை வடிவம் அக்கல்வியின் தொடர்பால் வளர்ந்தது உண்மையே. ஆனால் எழுதப்போகும் பொருளை எவ்வாறு ஒழுங்குபடுத்த வேண்டும் என்னும் சிந்தனை தமிழில் மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல் நூலின் குற்றங்களையும் 32 உத்திகளையும் கூறுகிறது. அவற்றைப் பயில்வோர்க்கு ஏற்ப விரிவாகத் தொகுத்துத் தந்தது நன்னூலின் பொதுப்பாயிரம்.

பவணந்தியும் கொங்கு நாடும்

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணத் துறவி. சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதால் இந்நூல் செய்யப்பட்டது எனச் சிறப்புப்பாயிரம் கூறும். இவ்வரசன் மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தவன். முனிவரின் ஊரான சனகாபுரம், பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்பது கொங்கு வட்டார மரபு. திருப்பூர்–ஈரோடு இருப்புப்பாதையில் உள்ள விசயமங்கலத்துச் சமணக் கோயிலையும் அவரோடு தொடர்புபடுத்திச் சொல்வர்.

பஞ்சும் இழையும்

பொதுப்பாயிரத்தில் ஓர் உவமை உண்டு. சொல் பஞ்சு, பனுவல் அதிலிருந்து வரும் இழை, புலவன் நூல் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் கையிலுள்ள கதிர். பஞ்சு குவிந்து கிடப்பதால் மட்டும் இழை வந்துவிடாது. கதிர் சுழல வேண்டும். அதுபோலச் செய்திகள் நிறைந்திருப்பதால் மட்டும் நூல் அமைந்துவிடாது. அறிவு அவற்றை ஒழுங்காக இழுத்து முறுக்க வேண்டும். ராயபுரம் முதலிய திருப்பூர்ப் பகுதிகளில் நூலும் பின்னலாடையும் அன்றாடத் தொழில் என்பதால், அங்குள்ள மாணவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை ஏட்டு நூல் தீர்க்கும் என்பது அடுத்து வரும் உவமை.

முன்னுரையில் இருக்க வேண்டியவை

பாயிரம் இல்லாத நூல், எவ்வளவு விரிந்ததாயினும் நூலாகாது என்பது நன்னூலின் கொள்கை. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சிறப்புப்பாயிரம் அறிவிக்க வேண்டும். இவற்றுள் கடைசி மூன்றும் கட்டுரைக்கும் இன்றியமையாதவை. எதைப் பற்றி, யாருக்காக, என்ன பயன் கருதி எழுதுகிறோம் என்பதற்கு விடை தெரியாமல் முன்னுரை எழுத இயலாது.

உறுப்பும் வரிசையும்

நூலின் உறுப்புகள் படிப்படியாக அமைகின்றன. சிறிய இடத்தில் பெரிய பொருளைக் கண்ணாடிபோல் காட்டுவது சூத்திரம். ஓரினமான மணிகளைக் கோத்ததுபோல் ஒரே இனப் பொருளை ஓரிடத்தில் வைப்பது ஓத்து. பல பொருள்கள் விரவித் தொடர்வது படலம். இன்றைய கட்டுரையில் ஒரு பத்திக்கு ஒரு கருத்து என்னும் விதியை ஓத்தின் இலக்கணத்தோடு ஒப்பிடலாம்.

நன்னூலே இதற்குச் சான்று. அதன் 462 நூற்பாக்களில் 55 பாயிரத்துக்கு உரியவை. எழுத்ததிகாரத்தில் 202, சொல்லதிகாரத்தில் 205 நூற்பாக்கள் உள்ளன. ஒவ்வோர் அதிகாரமும் ஐந்து இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது.

சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் முறையும் நால்வகை. ஆற்று நீர்போல் இடையறாது செல்வது ஆற்றொழுக்கு. சிங்கம் முன்னும் பின்னும் நோக்குவதுபோல் இருபுறமும் தொடர்புகொள்வது அரிமாநோக்கம். இடைவிட்டுத் தாவிச் சேர்வது தவளைப்பாய்த்து. வேண்டிய பொருளை மட்டும் பற்றி அகல்வது பருந்தின் வீழ்வு.

உத்தியும் குற்றமும்

32 உத்திகளுள் பல, கட்டுரைத் திட்டத்துக்கு நேரே பயன்படுபவை. நுதலிப் புகுதல் என்பது எடுத்துக்கொண்ட பொருளை முதலில் உணர்த்தித் தொடங்குவது. தொகுத்துச் சுட்டல் முதலில் சுருக்கமாகக் கூறுவது; வகுத்துக் காட்டல் அதையே பிரித்து விளக்குவது. பிறன்கோட் கூறல் பிறர் கொள்கையை எடுத்துரைப்பது. ஏதுவின் முடித்தல் காரணம் காட்டி முடிவு செய்வது.

பத்துக் குற்றங்களுள் மூன்று, திட்டமில்லாத விடைத்தாளில் அடிக்கடி காணப்படும். முன்பு சொன்னதையே மீண்டும் சொல்வது கூறியது கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது மற்றொன்று விரித்தல். சிறப்பாகத் தொடங்கிப் போகப் போக நலிந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். நூலுக்குரிய பத்து அழகுகளுள் முறையின் வைப்பு, அதாவது பொருளை உரிய வரிசையில் அமைத்தல், ஒன்று.

உரைநடைக் காலம்

மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர் முதலியோர் நன்னூலுக்கு உரை கண்டனர். சங்கர நமச்சிவாயர் உரையைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் திருத்தி விரித்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) அவ்விருத்தியுரையைப் பதிப்பித்து, மாணவர்க்கெனக் காண்டிகையுரையும் எழுதினார். பாலபாட நூல்களால் தெளிவான தமிழ் உரைநடையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. மயிலைநாதர் உரையை உ. வே. சாமிநாதையர் 1918இல் அச்சிட்டார்.

இன்றைய பயன்

பொதுப்பாயிரம் இலக்கண நூல் போன்ற பெருநூல்களை மனத்தில் கொண்டு எழுந்தது, கட்டுரைக்கென எழுதப்பட்டதன்று. ஆகவே எல்லா விதிகளும் அப்படியே பொருந்தா. எனினும் தேர்வில் மாணவர் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நுதலிய பொருளை ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம். ஓரினக் கருத்துகளை ஒன்று சேர்த்து எண்ணிட்டு, முடிவுரைக்கு உரிய கருத்தை முதலிலேயே ஒதுக்கிவைக்கலாம். இவ்வாறு செய்தால் கூறியது கூறலும் சென்று தேய்ந்திறுதலும் பெரும்பாலும் நேரா.