கேனரியா, டேனரியா?

பயிற்சி கொடுக்க வந்த மேடம் பலகையில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னார்: “நீங்க எல்லாம் சேர்ந்து சின்னதா ஒரு கேனரி தொடங்கலாம்.” பின்வரிசையில் இருந்த அக்கா ஒருத்தர் சட்டென்று எழுந்து, “டேனரியா? வேணாம்மா, இருக்கிறதே போதும்” என்றார். என் பக்கத்தில் இருந்தவள், “இல்லக்கா, தண்ணி கேன் கம்பெனிய சொல்றாங்க போல” என்றாள். மண்டபமே சிரித்தது. மேடத்துக்கு மட்டும் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. அவர் வெளியூர்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை.

கேன் என்றால் அடைத்து வைக்கும் பாத்திரம். உணவை அதில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, சூடாக்கிக் கெடாமல் வைக்கிற இடம் கேனரி. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரர் கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காட்டினார். அதற்கு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. 1810இல் அவர் அதைப் புத்தகமாகவும் போட்டார். அதே வருஷம் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். உணவு ஏன் கெடுகிறது, கிருமி என்றால் என்ன என்பதெல்லாம் பாஸ்டர் சொல்லித் தெரிந்தது அதற்குப் பிறகுதான். காரணம் தெரியாமலே கைப்பக்குவம் வந்துவிட்டது. நம்ம பாட்டிமார் ஊறுகாய் போட்டதும் அப்படித்தானே!

நமக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணகிரியில் இந்தத் தொழில் பெரிதாக நடக்கிறது. பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி, 3.1 கிலோ டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கேனரி என்று யாரும் சொல்வதில்லை. செய்தித்தாளில் மாங்கூழ் தொழிற்சாலை என்று வரும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கம்பெனி. இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு டப்பாவில் வருவது டின் மீன். ஆக, தமிழில் டப்பா இருக்கிறது, டின் இருக்கிறது, கேனும் இருக்கிறது. கேனரிக்கு மட்டும் அரசாங்கப் படிவம் வேறு பெயர் வைத்திருக்கிறது: உணவு பதப்படுத்தும் தொழில்.

அதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஷாப்பில் வேலை செய்தார். தோல் ஷாப்பு என்று நீட்டிச் சொல்ல மாட்டோம், எங்கள் தெருவில் ஷாப்பு என்றாலே அதுதான். உப்புப் போட்டு வரும் தோலை உதறுகிற வேலை. கையெல்லாம் வெடித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சரே “தோல் பதனிடும் தொழிற்சாலை” என்று எழுதிக்கொண்டார். எவ்வளவு சுத்தமான வார்த்தை! அதில் வாடையே இல்லை.

பதனிடுவதும் பதப்படுத்துவதும் ஒரே வேர். பதம் என்றால் சரியான பக்குவம். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிறோம். பதநீரிலும் அந்தப் பதம் இருக்கிறது: பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். ஷாப்பிலும் முடி கழலுவதற்காகத் தோலைச் சுண்ணாம்பில்தான் போடுவார்கள். பிறகு அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊற வைத்தார்கள், பின்னால் குரோமியம் வந்தது. குரோமியத்துக்கு முன்னால் உப்பும் அமிலமும் சேர்த்து ஊற வைக்கும் கட்டத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பிக்கிள். ஊறுகாய்தான்! அழுகப் போகிற ஒன்றை உப்புப் போட்டு, ஊற வைத்து நிறுத்தி வைக்கிற வேலையை நாம் சமையலறையில் செய்தோம், அம்மா ஷாப்பில் செய்தார்.

ஒரு வித்தியாசம், ஷாப்பில் வேலை முடிந்தபின் கழிவுத் தண்ணீர் எங்கே போனது என்பது. பாலாறு நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை நம்ம மாவட்டத்தின் பெயரால்தான் படிக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமையா வருத்தமா, சொல்லத் தெரியவில்லை. ஷாப்பு இல்லாவிட்டால் நான் பத்தாவது முடித்திருக்க மாட்டேன். கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாமல் போனது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வராத நாளில் இன்றும் 20 லிட்டர் கேன்தான் வாங்குகிறோம். கேனரி என்றதும் ஒருத்திக்கு டேனரியும் இன்னொருத்திக்குத் தண்ணி கேனும் ஞாபகம் வந்தது இதனால்தான்.

படிவம் நிரப்பும் நாளில் அதே அக்கா கேட்டார்: “பதப்படுத்தும்னு போட்டா, ஷாப்புன்னு நினைச்சு ஊறுகாய வாங்காம போயிடுவாங்களா?” வேறு பெயர் வைக்கலாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். எனக்கு அந்தச் சொல்லை விட மனசில்லை. சொன்னேன். அம்மா கையைப் பற்றியும் சொன்னேன். சிலருக்குக் கண் கலங்கியது, அவர்கள் வீட்டிலும் ஷாப்புக்குப் போனவர்கள் உண்டு. பெயர் அப்படியே நின்றது.

முதலில் மாங்காயும் தக்காளியும் மட்டும் என்று தீர்மானித்தோம். புளிப்புள்ளதை அடைக்கக் கொதிநீர் போதும். மீன், கறி, பீன்ஸ் போன்றவற்றுக்கு அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வரை சூடு ஏற வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவுக்குள்ளேயே விஷம் உண்டாகும். அந்த இயந்திரம் இப்போதைக்கு நம் கைக்கு எட்டாது. அரசுத் திட்டத்தில் அப்போது ஒரு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் இருந்தது, அதை வைத்துக் கணக்குப் போட்டோம்.

மாங்காய், உப்பு, எண்ணெய், புட்டி, மூடி, கேஸ் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்த கணக்காளர் நிமிர்ந்து, “தண்ணி?” என்றாள். உணவுத் தொழிலுக்குக் குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் வேண்டும். யாரும் ஆழ்துளைக் கிணற்றின் பெயரைச் சொல்லவில்லை. பின்வரிசை அக்காதான் சொன்னார்: “கேன்னு எழுது.” எழுதினாள். வாரத்துக்கு எட்டு.